பட்டுடுத்தி நின்ற பிள்ளைகள்

1

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சூப் குடித்துவிட்டு வந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பெல்ஜியத்தில், ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் இந்த ஊர்க் கத்தோலிக்கர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஞாயிறு மதியம் யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. மாதா கோவிலை ஒட்டிய கூடத்தில் நீளமாக மேசை போட்டு, எல்லோரும் காய்கறி சூப்பும் ரொட்டியும் மட்டும் சாப்பிடுவார்கள். வீட்டில் சமைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவை உண்டியலில் போடுவார்கள். மில் முதலாளியும் தெருக் கூட்டுகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சூப்பைக் குடிப்பதை நான் இங்கேதான் பார்த்தேன்.

அந்தப் பணம் ஆரணிக்குப் போகிறது. அங்கே கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு டீச்சரின் சம்பளத்துக்கும், இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் மதியச் சோற்றுக்கும்.

இந்த முறை சூப் குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் எடுத்த ஒரு போட்டோவுக்காக. அது எப்படி எடுக்கப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆரணியில் அந்தத் தெருக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். நடுவில் இருக்கிற உங்களுக்காக எழுதுகிறேன்.

2

பெயர் ஏழுமலை. அப்பா கூலிக்குப் பட்டு நெய்தவர். ஏழாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன். பம்பாயில் மூட்டை தூக்கினேன். அங்கிருந்து ஒரு கிரேக்கக் கப்பலில் சமையலறை வேலை. எழுபதுகளின் நடுவில் அந்தக் கப்பல் ஆன்ட்வெர்ப்பில் பழுதாகி நின்றது. கம்பெனி சம்பளம் தரவில்லை. இறங்கிவிட்டேன். அந்தக் குளிர்காலத்தில் காலில் ரப்பர் செருப்புதான். இடது காலில் இரண்டு விரல்களுக்கு இன்றுவரை உணர்ச்சி இல்லை. நடக்கத் தடையில்லை.

பிறகு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு லாண்டரியில் வேலை கிடைத்தது. அங்கே இஸ்திரி போடுகிற அன்னாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். முனிசிபல் ஆபீசில் என் குடும்பப் பெயரைக் கேட்டார்கள். இல்லை என்றேன். இல்லாமல் இருக்க முடியாது, பாரத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறது என்றார் குமாஸ்தா. அப்பா பெயரை எழுதிக்கொண்டார். இப்போது ஊரார் அன்னாவைத் திருமதி சின்னசாமி என்று கூப்பிடுகிறார்கள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து சிரித்திருப்பார்.

இந்த ஊர் மொழி எனக்கு வேலைக்கு ஆகும், சபைக்கு ஆகாது. பங்குச் சாமியாரின் அம்மா இறந்தபோது துக்கம் சொல்லப் போய் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி என்றார். அன்றிலிருந்து நாலு பேர் கூடும் இடத்தில் நான் அதிகம் பேசுவதில்லை.

நான் கத்தோலிக்கன் இல்லை. அன்னாவுக்காகக் கோவிலுக்குப் போகிறவன். கோவிலில் தர்மக் காரியங்களைப் பார்க்கும் குழுவுக்குத் தலைவி லிஸ்பெத் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. உங்கள் ஊரில் நாங்கள் உதவக்கூடிய பள்ளி இருக்கிறதா என்று அவர்தான் ஒருநாள் கேட்டார். நான் இந்தப் பள்ளியைச் சொன்னேன். சின்ன வயதில் அங்கே மதியம் கோதுமை ரவை உப்புமாவும் பால்மாவு கரைத்த பாலும் கொடுத்தார்கள். அந்த மூட்டைகளின் மேல் ஏதோ ஊர் எழுத்தில் அச்சடித்திருக்கும். எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பசி நேரத்தில் அது தோன்றவில்லை.

இப்போது என் அக்கா கன்னியம்மாளின் மகள் வசந்தா அங்கே நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய டீச்சர் ஆரோக்கியமேரி. அந்த அம்மாவின் வேலைக்கு அரசாங்க அனுமதி வரவில்லை, அதனால் அரசாங்கச் சம்பளமும் இல்லை. மடத்தில் பணம் இருந்தால் கொடுப்பார்கள். சில மாதம் சம்பளத்துக்குப் பதில் அரிசி கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக அவருடைய அப்பா. இங்கிருந்து பணம் போக ஆரம்பித்த பிறகுதான் அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்று வந்தது.

3

ஆண்டுக்கு ஒரு முறை பள்ளியிலிருந்து பிள்ளைகளின் படம் வரும். அதைப் பெரிதாக்கிக் கோவில் வாசல் பலகையில் ஒட்டுவார்கள். முதல் சில படங்கள் கறுப்பு வெள்ளை. யார் முகமும் சரியாகத் தெரியாது. சென்ற ஆண்டு கலரில் வந்தது. ஆரணி ஸ்டூடியோக்காரர் எடுத்து, மெட்ராஸுக்கு அனுப்பிக் கழுவி வாங்கியது.

லிஸ்பெத் அதை உறையிலிருந்து எடுத்துக் குழுவின் மேசைமேல் வைத்தார். பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் பட்டில் இருந்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் ஜரிகை. பையன்கள் தோளில் ஜரிகைத் துண்டு. பெண் பிள்ளைகளுக்குத் தலை நிறையக் கனகாம்பரம். எல்லோரும் கைகளை உடம்பில் படாமல் கொஞ்சம் விரித்து வைத்துக்கொண்டு, அசையாமல், சிரிக்காமல் நின்றார்கள்.

பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அவை பாவாடைகள் இல்லை. தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த சேலைகள், முதலாளி வீட்டுக்கு இன்னும் போய்ச் சேராதவை. ஊசி குத்தினால் ஓட்டை விழும். அதனால் நாலாக மடித்து இடுப்பில் ரிப்பனால் கட்டியிருந்தார்கள். வியர்வைக் கறை பட்டால் கூலியில் பிடிப்பார்கள். அதனால்தான் கைகள் அப்படி இருந்தன.

மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு வேறு படம் தெரிந்தது. கறிக்கடை பீட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என் மகள் கல்யாணத்தில் கூட இவ்வளவு பட்டு இல்லையே," என்றார்.

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துக்குக் கிணறு தேவைப்படுவதாகச் சொன்னார்.

நான் எழுந்து, அது அவர்களுடையது இல்லை என்றேன்.

"பின்னே யாருடையது?" லிஸ்பெத் கேட்டார்.

"முதலாளியுடையது."

"அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தாரா?"

"இல்லை. படம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும்."

"நம்மிடம் உதவி கேட்பதற்காகப் பட்டை இரவல் வாங்கிக் கட்டினார்களா? ஏன்?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர்கள் மொழியில் இல்லை என்று முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லிப் பார்த்தேன். தமிழிலும் வரவில்லை.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போவதாக இருந்தது. குழு அவர்களுடைய கேமராவை என்னிடம் கொடுத்தது. பிள்ளைகள் உண்மையில் எப்படி இருக்கிறார்களோ அப்படியே எடுத்து வாருங்கள், அதைத் தவக்காலத்தில் மக்களிடம் காட்டுவோம், அதுவரை பணம் அனுப்புவதை நிறுத்தி வைப்போம் என்றார்கள். நியாயமாகத்தான் பேசினார்கள். கிணறும் ஒரு தேவைதான்.

வீட்டில் என் மகள் லலிதா காத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. தமிழில் சாப்பிடு, தூங்கு, போதும், இந்த மூன்றும் தெரியும். அவள் வகுப்பில் பிள்ளைகள் தவக்காலத்தில் சாக்லேட் வாங்காமல் அந்தக் காசை ஆரணிக்கு என்று சேர்ப்பார்கள்.

"அப்பா, வசந்தா ஏழையா, இல்லையா?" என்று அவள் மொழியில் கேட்டாள். "வகுப்பில் கேட்கிறார்கள்."

"உனக்கு என்ன தோன்றுகிறது?"

"எனக்கு அவள் போட்டிருக்கிற மாதிரி ஒன்று வேண்டும்," என்றாள்.

4

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் நம்பரை என் பாஸ்போர்ட்டில் எழுதினார். திரும்பும்போது இது உன் கையில் இல்லையென்றால் வரி கட்ட வேண்டும் என்றார். வேறு யாராவது அதைத் திருடிக்கொண்டால் நல்லது என்றுகூட ஆரணி பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தேன். யாரும் திருடவில்லை.

அக்கா தறியில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி அதுதான்.

"இன்னாடா ஏழுமல, போட்டோ வந்துச்சா? எப்டி கீது?"

"நல்லா கீதுக்கா."

"வராம இன்னா? தெரு பூரா ஒரு வாரமா அதே பேச்சு. மொதலாளிகிட்ட யாரு போயி கேக்கறதுன்னு எல்லாம் பின்னால பின்னால நவுந்துகினு இருந்தாளுங்க. நான்தான் போனன். 'வெள்ளக்காரங்க பாக்கப் போறாங்க மொதலாளி, நம்ம ஊரு சரக்கு'ன்னு சொன்னன். அதுக்கப்பறம்தான் ஒத்துகினாரு. கணக்குப்புள்ள கூடவே வந்து நின்னுகினு இருந்தான். கோழிக்குஞ்ச பருந்து பாக்கற மாதிரி அந்தப் புடவைங்களையே பாத்துகினு."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்.

"அவங்க நம்மள பணக்காரங்கன்னு நெனச்சிகினாங்கக்கா."

"நெனச்சிக்கட்டுமே. நமக்கு இன்னா நஷ்டம்?"

"டீச்சருக்கு சம்பளம் நிறுத்திட்டாங்க."

தறியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடா பாதியில் நின்றது. அக்கா என்னைப் பார்க்காமல் தறியைப் பார்த்தபடி பேசினாள்.

"அது எப்டிடா? சோறு போடறவங்க கண்ணு முன்னால அழுக்கா போயி நிக்கறதா? கல்யாண வீட்டுக்குப் போறம், இருக்கறதுல நல்லத கட்டிகினு போறமா இல்லியா? அவங்க நம்மள கூப்ட்டு உக்கார வெச்சி சோறு போடறாங்க. ஒரு மரியாத வாணாம்?"

லிஸ்பெத் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். எனக்கு அது அங்கே தோன்றியிருக்க வேண்டும்.

"சரி, இப்ப இன்னா பண்ணணும்ன்றாங்க?"

"வேற போட்டோ எடுக்கணும். சாதாரணமா. வீட்ல இருக்கற மாதிரி."

"வீட்ல இருக்கற மாதிரின்னா?"

"பழைய துணியிலக்கா."

"எவ்ளோ பழசு?"

நான் கேமராப் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தேன்.

"கிழிஞ்சதா? வாயத் தொறந்து சொல்லு. கப்பல்ல போனவன்தான நீ."

தலையை ஆட்டினேன்.

"என் ஊட்ல கிழிஞ்ச துணி கெடையாது," என்றாள் அக்கா. "கிழிஞ்சா அன்னைக்கே தெச்சிடுவன். தெக்க முடியலன்னா தறி தொடைக்கப் போயிடும். உனக்கு வேணும்னா யார் ஊட்லனா போயி வாங்கிகினு வா."

அவள் சொன்னது உண்மை. வசந்தா அப்போது போட்டிருந்தது வெளுத்த பருத்திப் பாவாடை. விளிம்பில் மடிப்புப் பிரித்து நீளமாக்கியிருந்தது. துவைத்துச் சுத்தமாக இருந்தது. அப்படியே அவளை நிறுத்தி எடுத்திருக்கலாம். அவர்கள் கேட்டதும் அதுதான். ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருந்த முகங்கள் எனக்குத் தெரியும். சுத்தமான பாவாடை போட்ட, நன்றாக எண்ணெய் வைத்து வாரிய ஒரு பெண்ணின் படம் அந்தப் பட்டை அவர்கள் மனத்திலிருந்து அழிக்காது என்று நினைத்தேன். அவர்கள் சொன்னதற்கு மேல் நானாக ஒரு படி போனேன்.

5

பள்ளியில் தலைமையாசிரியையான மதரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆரோக்கியமேரிக்கு மறுபடி அரிசிதான் குடுத்துட்டு இருக்கேன் தம்பி," என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படி எடுங்க. எனக்கு மடத்துல வேலை இருக்கு."

போய்விட்டார். படம் எடுத்து முடியும்வரை அந்தப் பக்கம் வரவில்லை.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். என் அக்கா வீட்டு நிலைமைதான் எல்லா வீட்டிலும் போலிருக்கிறது. கிழிசலுக்கு அலைந்திருக்கிறார்கள். ஒரு பையன் அவன் மாமாவின் சைக்கிள் கடையில் கிரீஸ் துடைக்கும் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தான். வசந்தா எங்கேயோ ஆடு மேய்க்கிற வீட்டில் ஒரு பாவாடை வாங்கி வந்திருந்தாள். அவள் அப்பா வாங்கிக் கொடுத்திருக்கிறார், அக்காவுக்குத் தெரியாமல். சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டுமாம். பட்டும் இரவல், கந்தலும் இரவல்.

பிள்ளைகளுக்கு அது திருவிழாவாக இருந்தது. பட்டில் அசையக்கூடாது என்று மிரட்டி வைத்தவர்கள் இன்று யாரும் இல்லை.

"டேய், என்துல மூணு ஓட்ட. உன்துல?"

"என்துல தலையே பூந்துடும், பாக்கறியா?"

ஒருவன் கையை நீட்டி "அம்மா தாயே" என்றான். மொத்த வரிசையும் உருண்டு புரண்டு சிரித்தது. நான் கேமராவுக்குள் பார்த்தேன். பல்லாகத் தெரிந்தது.

"சிரிக்காதீங்க," என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

"வசந்தா, சிரிக்காத."

"நீதான் மாமா சிரிப்பு காட்டற. ஒரு கண்ண மூடிகினு."

அதட்டினேன். ஒரு நிமிஷம் அடங்கி மறுபடி ஆரம்பித்தார்கள். அதற்குள் அக்கா வந்து பள்ளி வாசலருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மகள் போட்டிருந்த பாவாடையைப் பார்த்தாள். அவளை ஒன்றும் சொல்லவில்லை.

"எடுடா, எடு," என்றாள் என்னிடம். "மூஞ்சில கொஞ்சம் கரி பூசி உட்டா இன்னும் நல்லா உழும். அடுப்புல கீது, எட்த்தாரட்டுமா?"

ஆரோக்கியமேரி டீச்சர் வரிசையின் ஓரத்தில் நின்றிருந்தார். நீல நிறத்தில் மெல்லிய வாயில் துணிப் புடவை, இஸ்திரி போட்டது. தலையில் ஒரு ரோஜா. படத்துக்கென்று வந்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அண்ணா, நானும் நிக்கணும்ங்களா?"

"ஆமாங்க டீச்சர். நீங்கதான முக்கியம்."

அவர் குனிந்து தன் புடவையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார்.

"இந்தப் புடவை பரவாயில்லீங்களா?"

பரவாயில்லை என்று சொல்லியிருக்கலாம். கேமராவுக்குள் பார்த்தேன். அந்த நீலம் பளிச்சென்று தெரிந்தது. பீட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதும் தெரிந்தது.

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றேன்.

"இருக்குதுங்க," என்றார்.

அவர் வீடு பள்ளிக்குப் பின்னால்தான். திரும்பி வரும்போது சாயம் போன காவி நிறப் புடவை. தோளில் வேறு நூலால் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது. ரோஜாவை எடுத்திருந்தார். செருப்பையும் கழற்றிவிட்டு வந்திருந்தார். செருப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். யாரும் அதட்டாமலே சிரிப்பு நின்றது. ஓட்டைக்குள் விரல் விட்டுக் காட்டிக்கொண்டிருந்தவன் கையை இறக்கினான். கிரீஸ் பனியன் போட்டவன் அதை இழுத்து இழுத்து மூடினான். டீச்சர் நடுவில் வந்து நின்றார். வசந்தா அவர் பக்கத்தில் போய், தோளில் இருந்த ஒட்டுத் தெரியாதபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அமுக்கினேன்.

அக்கா விறுவிறுவென்று வந்து வசந்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "டீச்சர், நீங்க போயி மாத்திகினு வாங்க," என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. அன்றிலிருந்து நான் பஸ் ஏறும்வரை எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள். பேசவில்லை.

டீச்சர் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"சரியா வந்துச்சிங்களா அண்ணா?" என்று கேட்டார். "இல்லாட்டி இன்னொரு வாட்டி நிக்கறேன்."

6

படம் நன்றாக வந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் படங்களில் ஒன்று, இவ்வளவு நன்றாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. லிஸ்பெத் அதைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி, கூடத்தின் வாசலில் நிறுத்தியிருந்தார். சூப் குடிக்க வந்தவர்கள் அதன் முன்னால் நின்று பேச்சை நிறுத்தினார்கள். சில கிழவிகள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். பீட்டர் தன் ரொட்டியை எடுக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துபோய் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். உண்டியல் நிரம்பி, நடுவில் ஒருமுறை காலி செய்து கொண்டுவந்து வைத்தார்கள்.

அவர்கள் நல்லவர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் அவர்களைத் திட்டக்கூடும். கொடுப்பதற்குக் காரணம் தேடி வந்தவர்கள். நான் காரணம் கொடுத்தேன்.

சாப்பாடு முடிந்ததும் அங்கேயே குழு கூடி முடிவு செய்தது. ஆரோக்கியமேரி டீச்சரின் சம்பளம் நிற்காது. நிறுத்தி வைத்த மாதங்களுக்கும் சேர்த்து அனுப்புவார்கள். இன்னொரு டீச்சருக்கும் கொடுக்க முடியும். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படுக்கையில் கிடக்கும் அவருடைய அப்பாவுக்கு மருந்து வாங்குவார்கள் என்று நினைத்தேன். லலிதா பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்தபிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது லிஸ்பெத் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இனிமேல் ஸ்டூடியோக்காரர் வேண்டாம்," என்றார். "ஒவ்வோர் ஆண்டும் நீங்களே எடுத்து வாருங்கள். அந்த ஆசிரியை கட்டாயம் நடுவில் இருக்க வேண்டும். இவர்கள் இப்போது அவரைத்தான் தேடுவார்கள்."

சரி என்றேன்.

சம்பளம் போய்ச் சேர்ந்ததும் டீச்சர் முதல் வேலையாக அந்தக் காவிப் புடவையைத் தூக்கிப் போட்டுவிடுவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதைத் தூக்கிப் போட வேண்டாம், எடுத்து வைத்திருங்கள் என்று அவருக்கு எழுத வேண்டும். மூன்று நாளாகத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதை எழுத முடியாமல்தான் உங்களுக்கு இதை எழுதினேன்.